காற்றுப் பொத்தான்

இடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். மெல்போர்னுக்கு எதிர்ப்புறம், நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது, கார்னார்வனுக்கு வடக்கேயோ தெற்கேயோ. அதற்கு மேல் கேட்காதீர்கள். ஏன் சொல்ல மாட்டேன் என்பதுதான் கதை.

நானும் என் புருஷன் மெர்வும் வீட்டை விற்று, படுக்கை அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டி வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. அவன் நாற்பது வருஷம் செம்மறி ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தவன். நான் அதே ஆட்டுக் கொட்டகைகளில் சமையல்காரி. இருபது ஆண்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை தட்டு நிரப்பியவள். அவன் முதுகும் என் முழங்காலும் ஒரே வருஷத்தில் போயின. போன பிறகுதான் ஊர் சுற்றக் கிளம்பினோம். யாராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், மே முதல் ஆகஸ்ட் வரை, பேரைச் சொல்லாமல், கடலோரத்தில் ஒரு இடம் என்பேன். மற்ற மாதங்களில் பேச்சை மாற்றிவிடுவேன். எங்களுக்கு விலாசம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

சிவப்பு மண், உப்புப் புதர், ஒரு மணல் மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். காசு கிடையாது. ஷயர்காரர்கள், அதாவது ஊராட்சிக்காரர்கள், வைத்திருக்கும் ஒரே சட்டம், வண்டிக்குள் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது. வாசலில் தகரவேலிக்குப் பக்கத்தில் கழிவைக் கொட்ட மூடி போட்ட ஒரு குழியும், கழுவ ஒரு குழாயும் உண்டு.

எங்கள் வண்டிகளில் கழிப்பறைக்குக் கீழே சக்கரம் வைத்த ஒரு பெட்டி இருக்கும். மூன்று நாளைக்கு ஒரு தடவை அதை வெளியே உருவி, இழுத்துக்கொண்டு போய்க் குழியில் கவிழ்க்க வேண்டும். அது ஆண்கள் வேலை. யார் அப்படி வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் நான் ஆட்சேபிக்கவில்லை. பெட்டி இழுத்துப் போகிறவனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது என்பது எங்களிடம் மரியாதை. பார்த்துத் தொலைத்தால் ஒன்றுதான் கேட்கலாம்.

"என்ன மெர்வ், பேங்குக்கா?"

"ஆமா, போட்டுட்டு வந்துர்றேன்."

அதோடு சரி.

போன வருஷம் ஜூலையில் ஷயரின் காவல் ஆள் லெஸ் வந்தான். கையில் ஒரு சாக்கு, இடுக்கி. முகம் சரியில்லை.

"புதருக்குப் பின்னாடி காகிதம் பொறுக்கி என் இடுப்பே போச்சு, நோலீன்," என்றான் என்னிடம்.

"எங்க ஆளுங்க இல்லடா. எல்லார் கிட்டயும் பெட்டி இருக்கு."

"தெரியும். வர்றவன் போறவன் பண்றது. தெக்க அந்தச் சின்ன விரிகுடா ஞாபகம் இருக்கா? யாரோ ஒரு பொண்ணு வீடியோ எடுத்து பேரோட போட்டுச்சு. ஈஸ்டருக்கு அறுவது வேன். ஜூன்ல பூட்டு. இங்கயும் கூட்டம் சேந்தா கேட் போட்டுருவாங்க. எனக்கு ஆசையில்ல, ஆனா போட்டுருவாங்க."

நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியம் பண்ணாத குறை.

அந்த வாரம் புதன்கிழமைதான் கடுகு மஞ்சள் நிற வேன் வந்தது.

சாயங்காலம் நாலரை மணிக்கு நாங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வட்டமாக உட்காருவோம். அவரவர் நாற்காலி, அவரவர் கிளாஸ், அவரவர் தட்டு. புது வண்டி வந்தால் பேச்சு நின்றுவிடும். அது ரிவர்ஸில் வந்து நிற்பதைப் பார்ப்பதுதான் எங்களுக்கு டிவி. மனைவி ஒரு பக்கம் கையை ஆட்டுவாள், புருஷன் மறுபக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பான், பாதிக் கல்யாணங்களின் நிஜம் அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இந்த வேன் எதுவும் பார்க்காமல் நேரே மேட்டோரம் போய் நின்றது. கூரையில் அலைச்சறுக்குப் பலகை, ஜன்னலில் சின்னச் சின்ன விளக்குச் சரம். இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி இறங்கினாள், கையில் காமிரா. பின்னால் கொண்டை போட்ட ஒரு பையன்.

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே படம் எடுக்குது பாரு," என்றான் கிளைவ். கோதுமை லாரி ஓட்டி ஓய்ந்தவன், எங்களுக்குப் பக்கத்து வண்டி.

"செருப்பு இல்லாம நடக்குதே. முள்ளு இருக்குன்னு யாராச்சும் சொல்லுங்க," என்றாள் அவன் மனைவி கோரல்.

"முள்ளே சொல்லும்," என்றான் மெர்வ்.

"அதுக்குப் பேரு வேன் லைஃபாம். என் பேத்தி சொன்னா," என்றாள் கோரல்.

"அப்ப நம்முது?"

"நம்முது ரிட்டயர்மென்ட்."

மெர்வ் பீர் டப்பாவைக் கீழே வைத்தான். அவன் டப்பாவை வைத்தால் பிரசங்கம் வரும். "நாம நாப்பது வருஷம் ஒழைச்சிட்டு கடைசில வண்டில வந்து படுக்கறோம். இதுங்க ஒழைக்காமயே மொதல்லயே வந்து படுத்துருச்சு."

"நம்மள விட புத்திசாலிங்கற," என்றான் கிளைவ்.

"வாய மூட்றா. அந்த வேன்ல கக்கூஸ் இருக்காது, என் தலைய வெட்டிக்கறேன். ரோட்ல கூட நான் இதுங்களுக்கு விரல் தூக்கறதில்ல."

அது உண்மை. எதிரே மோட்டார்ஹோம் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் வணக்கம். அவன் வேன்காரர்களுக்குத் தூக்கியதே இல்லை. அவர்களும் தூக்கியதில்லை; அந்தக் கணக்கு சரிதான்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தேன். கொட்டகைப் பழக்கம், இந்தக் கட்டை விழும்வரை போகாது. பார்த்தால் அந்த வேனில் எனக்கு முன்னாலேயே விளக்கு. வெளுக்கும்போது அந்தப் பெண் மேட்டில் மெல்லிய கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கே ஜூலை குளிர்காலம், காற்று எலும்பைத் தொடும். கம்பளிச் சட்டை இரண்டடி தள்ளி, காமிராவுக்குத் தெரியாத இடத்தில் கிடந்தது. கோப்பையைத் தூக்கினாள், சூரியன் எழும் பக்கம் பார்த்தாள், சிரித்தாள், ஒரு வாய் குடித்தாள். பையன் தலையை ஆட்டினான். மறுபடி தூக்கினாள். மறுபடி. நான் எண்ணியது நாலு தடவை. நாலாவது தடவை அவள் பல் அடிப்பது எனக்கே கேட்கும்போல இருந்தது.

ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

"இந்தா, நெஜ டீ. அதுல என்ன வெச்சிருக்க?"

"வெந்நி," என்றாள். "ஆவி வந்தா போதும்." இரண்டு கையாலும் என் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். பேர் டீகன். பையன் ரீஸ். மெல்போர்னில் ஒரு கிடங்கில் இரண்டு பேரும் ராத்திரி ஷிஃப்டில் பெட்டி அடுக்கிச் சேர்த்த காசில் வேன் வாங்கியிருக்கிறார்கள். பலகை அறுத்தது, மெத்தை தைத்தது எல்லாம் அவர்களே.

"வாரம் மூணு வீடியோ போடணும், நோலீன். போடலன்னா எங்கள வரிசைல கீழ தள்ளிடும்."

"யாரு தள்ளறது?"

"யாருன்னு தெரியாது. அப்படித்தான் அது."

எங்கள் கொட்டகை மேஸ்திரி பொல்லாதவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு மூஞ்சி இருந்தது, சூப்பில் உப்பைக் கொட்டிப் பழி தீர்க்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. சோம்பேறிகள் என்று மெர்வ் சொன்னதை அந்த மேட்டிலேயே நான் தள்ளுபடி செய்துவிட்டேன்.

அடுத்த வாக்கியம்தான் விவகாரம்.

"இந்த மேட்டு உச்சிக்குப் போனா ஒரு கோடு சிக்னல் வருது. சனிக்கிழம அங்க போய் இத போட்டுருவோம். இடத்தோட பேரோட. பேரு இல்லன்னா யாரும் பாக்கறதில்ல, எங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

நான் இறங்கிப் போய் மெர்வை உலுக்கினேன். அவன் கால்சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் மஞ்சள் வேனைப் பார்த்து நடந்தான். நான் பின்னால்.

"பாப்பா, நீ அந்த வீடியோவ போட்டன்னா இங்க கேட் போட்டுருவாங்க," என்றான். லெஸ் சொன்னதைச் சொன்னான். "வர்றவன்லாம் உன்ன மாதிரி புதருக்குப் பின்னாடி போனா எப்படி?"

டீகன் முகம் சிவந்தது. வேன் கதவை முழுக்கத் திறந்தாள். ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி, அதற்குக் கீழே பூத்தையல் போட்ட திண்டு. தொட்டியை இறக்கினாள், திண்டை எடுத்தாள். உள்ளே சின்னதாக, சுத்தமாக ஒரு கழிப்பறை. கீழே எங்களுடையதைப் போலவே பெட்டி.

மெர்வ் குனிந்து பார்த்தான். தலையை வெட்டிக்கொள்கிறேன் என்று சொன்னது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"இத ஏன் வீடியோல காட்டல?"

"யாரு பாப்பாங்க?" என்றான் ரீஸ்.

"அதான் கேடு. நீங்க டீயக் காட்டறீங்க, சூரியனக் காட்டறீங்க, தலகாணியக் காட்டறீங்க. இத மட்டும் பூந்தொட்டிக்கடியில ஒளிச்சிடறீங்க. உங்களப் பாத்துட்டு வேன் வாங்கறவனுக்கு மனுஷனுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துருது. அவன் எங்க போவான்? புதருக்குத்தான்." மூச்சு விட்டான். "வாழ்க்கைன்னா முழுசா எடு. நாளைக்கு நான் பேங்குக்குப் போறேன். தைரியம் இருந்தா காமிராவத் தூக்கிட்டு வா."

"வரேன்," என்றாள் டீகன் உடனே.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை என்று அவன் காதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. சிவந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாசல் குழிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. கிளைவ் நிரம்பிய தண்ணீர் கேனை நிரப்ப வந்தான். கோரல் நாயில்லாமல் நாயை நடத்திக்கொண்டு போனாள். மெர்வ் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அதைப் பார்க்கவில்லை.

ரீஸ் காமிராவைப் பிடித்தான். மெர்வ் பெட்டியை நிறுத்தி, தொண்டையைக் கனைத்தான்.

"இது பேரு பெட்டி. வெக்கப்பட ஒண்ணுமில்ல. இந்த நாட்ல அறிவுள்ளவன், அறிவில்லாதவன்னு ரெண்டு ஜாதிதான். இத ஒழுங்கா கவுக்கறவன், கவுக்கத் தெரியாதவன்." மூடியைக் கழற்றினான். பெட்டியின் வாய்க்குழாயைத் திருப்பினான். "காத்துக்கு எதிரா நிக்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. நாப்பது வருஷம் ஆட்டுக் கொட்டகைல வேலை பாத்தவன் சொல்றேன், எந்த வேலைக்கும் ஒரு முறை இருக்கு."

பெட்டியைத் தூக்கினான். காமிராவைப் பார்த்தான். சிரித்தான்.

அந்தப் பெட்டியின் முதுகில் ஒரு பொத்தான் உண்டு. கவிழ்க்கும்போது கட்டைவிரலால் அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே காற்று போக. அமுக்கவில்லை என்றால் பெட்டி விக்கும். விக்கினால் துப்பும். மோட்டார்ஹோம் வாங்கியவன் முதல் வாரத்தில் ஒரு தடவை இதை மறப்பான். இரண்டாம் தடவை மறக்க மாட்டான். மெர்வ் ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் மறந்தான், ஏனென்றால் ஒன்பது வருஷத்தில் அவனை யாரும் காமிராவில் பார்க்கவில்லை.

பெட்டி ஒரு தடவை விக்கியது. "பாத்தீங்களா, நிதானம்," என்றான் மெர்வ். இரண்டாம் தடவை விக்கிவிட்டுத் துப்பியது. மருந்து கலந்த நீலத் தண்ணீர், அதோடு சேர்ந்தது எல்லாம், இடுப்பிலிருந்து காலுறை வரைக்கும்.

பெலிக்கன் ஒன்று வேலியிலிருந்து எழுந்து போய்விட்டது.

"என்ன மெர்வ்," என்றான் கிளைவ், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "பணம் எடுத்துட்டியா?"

கோரல் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் குழாயைத் திறந்து புருஷனைக் கழுவினேன். சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது, அது வேறு விஷயம்.

"அத அழி," என்றான் மெர்வ் ரீஸைப் பார்த்து.

"நீங்க சரின்னு சொல்லாம போட மாட்டோம்," என்றாள் டீகன். "ஆனா மெர்வ், இத பாருங்க." தானே பார்த்துக் குலுங்கிக் குலுங்கி, அழுதேவிட்டாள். "மூணு வருஷத்துல நாங்க எடுத்ததுலயே இதான் நல்ல வீடியோ."

நான் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டேன். "இத போட்டா அந்தச் சூரியன விட்டுருவியா?"

டீகன் யோசித்தாள். "இத போட்டா சூரியன் எதுக்கு? இதுக்கு இடத்தோட பேரும் வேண்டாம். தகரவேலிதான் தெரியுது. எந்த ஊருலயும் இருக்கும்."

"நான் செத்தாலும் முடியாது," என்றான் மெர்வ். ஈரத்தோடு நடந்து போய்விட்டான்.

அவனைப் பிடிவாதக்காரன் என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வயசில் அவன் ஆடுகளை மருந்து நீரில் முக்கும் தொட்டியில் மல்லாந்து விழுந்தான். அன்றிலிருந்து பதினோரு வருஷம் அவன் பேர் 'தொட்டி'. நானூறு மைல் தள்ளி வேறு கொட்டகைக்குப் போனாலும் பேர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் கல்யாணக் கேக்கிலேயே யாரோ கிரீமில் 'தொட்டிக்கு வாழ்த்துகள்' என்று எழுதிவைத்தார்கள். கொட்டகையில் சிரிப்பு வந்து ஒட்டினால் தோலோடுதான் உரியும். அது அவனுக்குத் தெரியும். இது ஒரு கொட்டகையோடு போகாது, நாடு முழுக்க.

ஆகவே நான் வற்புறுத்தவில்லை. எத்தனையோ தடவை வற்புறுத்தியிருக்கிறேன், அன்று மட்டும் இல்லை.

நாலரை மணிக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். டீகனும் ரீஸும் தங்கள் நாற்காலியோடு ஓரமாக வந்து நின்றார்கள். கோரல் இடம் விட்டாள். லெஸ்ஸின் வண்டி வந்தது. குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னான்.

"கேட் வந்துருச்சு. டிப்போல கெடக்கு. எங்க போடறதுன்னுதான் இன்னும் முடிவு பண்ணல."

போய்விட்டான். மெர்வ் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். கண் கலங்கினால் அவன் அதைச் சாக்காக வைத்துக்கொள்வான் என்று.

பீர் டப்பாவைக் கீழே வைத்தான்.

"சரி, போடு," என்றான். "ஒரு நிபந்தன. கடைசில நான் சரியா செய்யறதும் வரணும். பொத்தான அமுக்கணும்னு நானே என் வாயால சொல்லணும். இல்லன்னா ஒரு வெங்காயமும் கெடையாது."

"கண்டிப்பா," என்றாள் டீகன். "நாளைக்கு வெடியக்காலைல எடுத்துருவோம். அப்ப வெளிச்சம் நல்லாருக்கும்."

"கக்கூஸ் பெட்டிக்கு எதுக்குடி வெளிச்சம்?"

"எல்லாத்துக்கும் வெளிச்சம் வேணும், மெர்வ்."

சனிக்கிழமை, பொழுது விடியும் ஏழேகாலுக்கு மெர்வ் வாசலில் நின்றான், கழுவின காலிப் பெட்டியோடு, குளிரில், சட்டை இஸ்திரி போட்டு. முதல் தடவை குழாய்ச் சத்தம் பேச்சை விழுங்கிவிட்டது. இரண்டாம் தடவை ரீஸின் நிழல் விழுந்தது. மூன்றாம் தடவை கிளைவ் பின்னால் பல் துலக்கிக்கொண்டு போனான். நாலாம் தடவைக்கு முன்னால் மெர்வ் தானே கையை உயர்த்தினான்.

"இரு இரு. இந்தப் பக்கம் நின்னா மூஞ்சில இருட்டா விழுது. அந்தப் பக்கம் நிக்கறேன்."

ஃபிளாஸ்க்கிலிருந்து நாலு பேருக்கும் டீ ஊற்றினேன்.

டீகன் மேட்டு உச்சியில் போய் நின்று அனுப்பினாள். திங்கள்கிழமை தெற்கே கிளம்பிப் போனார்கள். போகும்முன் சூரியன் வீடியோவை எங்கள் முன்னாலேயே அழித்தாள். அழிக்கும்போது அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். நாலு தடவை குளிரில் உட்கார்ந்து எடுத்தது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கோரலின் பேத்தி சொன்னாள். அந்த எண்ணை நான் நம்பவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை. எங்கள் இடத்துக்கு அந்த வருஷம் அதிகமாக வந்தவை இரண்டே வண்டிகள், இரண்டும் வழி தவறியவை. கேட்டை வேறு எங்கோ போட்டார்கள். லெஸ் மட்டும் ஒருநாள் இறங்கி வந்து, மெர்வின் கையைக் குலுக்கி, தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். மெர்வ் அவனை இரண்டு மைல் துரத்தியிருப்பான், முதுகு விடவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் எதிரே ஒரு பச்சை வேன். கூரையில் பலகை, ஜன்னலில் விளக்குச் சரம். ஓட்டினவன் எங்கள் வண்டியைப் பார்த்தான், மெர்வின் மூஞ்சியைப் பார்த்தான், கையை வெளியே நீட்டிக் கட்டைவிரலால் காற்றில் எதையோ அமுக்கிக் காட்டினான். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

"என்னடி அது?" என்றான் மெர்வ்.

"பொத்தான அமுக்குங்கறான்."

அடுத்த ஐம்பது மைலில் இன்னும் மூன்று வேன்கள். மூன்றிலும் அதே கை. மூன்றாவதில் ஒரு பெண் இருக்கையில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். மெர்வின் காது சிவந்துகொண்டே வந்தது. 'தொட்டி' போல இதுவும் பதினோரு வருஷம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வேன் தூரத்தில் தெரிந்தது. மெர்வ் தொண்டையைக் கனைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது. கொஞ்சம் யோசித்தது. மடங்கிக்கொண்டு, கட்டைவிரல் மேலே வந்து காற்றில் அமுக்கியது, எதிரே யார் வருகிறார்கள் என்று தெரிவதற்கு முன்னாலேயே.

"முடியெல்லாம் சரியா இருக்கா?" என்றான்.